புதுப்பித்தலும் படியெடுத்தலும்

கணினியின் துணையின்றிப் பயிலும் மாணாக்கர் இந்நாளில் நம் கல்லூரியில் ஒருவரும் இலர். சேனாவரையம் பயில்வோரும் தம் குறிப்புக்களைக் கணினியிலேயே பொறித்து வைக்கின்றனர். எனினும், அக்கணினியை உள்ளிருந்து இயக்குவது யாது, அஃது எப்பொழுது எவ்வாறு தன்னை மாற்றிக்கொள்கின்றது, அம்மாற்றத்தின்பொழுது நம் பொருள்களுக்கு நேரக்கூடுவன யாவை என்பவற்றை ஆராய்வார் மிகச் சிலரே. தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சியால் ஆவதென்னை என்று எம் தோழர் சிலர் நகைத்தனர். சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் எம் கையாலேயே யாம் இழந்த எட்டுப் பாடல்களே அந்நகைக்கு யாம் கூறும் விடை. அவ்வரலாற்றைப் பின்னர் உரைப்போம். முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும்.

கணினியின் பெட்டியும் திரையும் சில்லுகளும் வெறும் உடல். நாம் விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரையில் தோன்றச் செய்வதும், எழுதி முடித்த கோப்பை இன்ன இடத்தில் வைத்தோம் என்று நினைவிற் கொள்வதும், அச்சுப்பொறியையும் இணையத்தையும் தத்தம் தொழிலில் ஏவுவதும் இயங்குதளம் எனப்படும் பெருநிரலின் செயல்களாம். விண்டோஸ், மாக் ஓ.எஸ்., லினக்ஸ் என்பன யாவரும் கேட்டறிந்த இயங்குதளங்கள். இவை பல்லாயிரவர் கூடிப் பல்லாண்டுகளாக எழுதிவரும் நிரல்களாதலின், பிழையற்றிருத்தல் இயலாது. பிழை கண்டபொழுதெல்லாம் திருத்தம் எழுதி நம் கணினிக்கு அனுப்புகின்றனர். இதனையே அப்டேட் என்று உலகம் வழங்குகின்றது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் திங்கள்தோறும் இரண்டாஞ் செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுதலை வழக்கமாகக் கொண்டது. அமெரிக்காவின் மேலைக்கரையில் காலைப் பத்து மணியாகும்பொழுது நமக்குச் செவ்வாய் இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகுமாதலின், புதன்கிழமை காலையில் கணினியைத் திறக்கும் மாணாக்கன், தான் உறங்கிய பொழுதில் தன் கணினி விழித்திருந்தமையைக் காண்கின்றான். இச்சிறு திருத்தங்களேயன்றி, ஆண்டுக்கு ஒருமுறை அளவில் இயங்குதளத்தையே பெயர்த்துப் புதிதாக அமைக்கும் பெரும்புதுப்பித்தலும் உண்டு. இழப்புக்கள் பெரும்பாலும் இதன்கண்ணே நேர்வன.

இத்தொல்லைகள் உளவாயின் புதுப்பியாதே இருந்துவிடலாகாதோ எனின், ஆகாது. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் விண்டோசில் ஒரு துளையைக் கண்டு அதனை அடைக்குந் திருத்தத்தை வெளியிட்டனர். இரண்டு திங்கள் கழியுமுன், மே 12-ஆம் நாள், வானாகிரை என்னும் தீநிரல் அத்துளையின் வழியே புகுந்து உலகெங்கும் பரந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. கோப்புக்கள் அனைத்தையும் மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டின் பணந் தருக என்று அது கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவமனைகள் பல, நோயாளரைத் திருப்பியனுப்பும்படி நேர்ந்தது. திருத்தம் வந்து எட்டு வாரத்திற்கு மேலாகியும் அதனை ஏற்றுக்கொள்ளாதிருந்த கணினிகளே பெரும்பாலும் இங்ஙனம் பட்டன. ஆங்கு நிகழ்ந்த மற்றொன்றையும் கருதுக. அத்தீநிரல் கணினியின் அகத்தேயுள்ள கோப்புக்களோடு நின்றதில்லை. அப்பொழுது கணினியோடு பொருத்தப்பட்டிருந்த வெளி ஹார்ட் டிஸ்குகளிலும் புகுந்து அவற்றையும் பூட்டியது. படி எடுத்து வைத்திருந்தோம் என்று தேறியிருந்தவர்களுடைய படியும் மூலத்தோடு ஒருங்கே போயிற்று.

(எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைப் புறவட்டு என்றும் புறத்தட்டு என்றும் மொழிபெயர்ப்பார் உளர். கடைக்காரர்க்கும் விளங்க வேண்டுமாதலின், யாவரும் அறிந்த பெயரையே யாம் வழங்குகின்றோம்.)

இனி, புதுப்பித்தலே கேடு விளைத்த இடத்தையும் காண்போம். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரும்புதுப்பித்தல் வெளிவந்தது. அதனை ஏற்றுக்கொண்டோருட் சிலர், தம் ஆவணங்களும் நிழற்படங்களும் சுவடின்றி மறைந்தன என்று முறையிட்டனர். சில நாட்களுக்குள் நிறுவனத்தார் அதனை நிறுத்தி, பிழை திருத்தி, நவம்பர் 13-ஆம் நாள் மீண்டும் வெளியிட்டனர். முறையிட்டோர் பதினாயிரத்தில் ஒருவர் என்ற அளவினரே என்று அவர்களே கணக்குக் கூறினர். ஆயினும், அவ்வொருவர்க்கு இழப்பு முழுமையன்றோ!

அப்பிழையின் வரலாறு நுணுகிக் காணத்தக்கது. தம் கணினியின் அகத்தட்டில் இடம் போதாமையால், ஆவணங்கள் என்னும் கோப்புறையை வேறொரு தட்டிற்கு மாற்றியமைத்துக்கொண்டோர் பலர் இருந்தனர். அங்ஙனம் மாற்றியபொழுது, பழைய இடத்திலும் அதே பெயருடைய கோப்புறையொன்று எஞ்சி நின்றது. ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றுதல் மயக்கந் தருகின்றது என்று எண்ணிய நிரலாசிரியர், பழையதை வெற்றுக் கோப்புறையெனக் கொண்டு நீக்கிவிடுமாறு நிரல் எழுதினர். ஆனால் சிலர் கணினியில் அது வெறுமையாயில்லை; பழைய கோப்புக்கள் பல ஆங்கேயே கிடந்தன. துப்புரவு செய்யப் புகுந்தவன், மூலையிற் கிடந்த ஏட்டுக்கட்டைக் குப்பையென்று எறிந்தாற் போலும் இது. நல்ல எண்ணத்தோடு நிகழ்ந்த இழப்புக்கள் நம் சுவடிகளின் வரலாற்றிலும் மிகப்பல.

வெளி ஹார்ட் டிஸ்க் பொருத்தியிருத்தலே இடராதலும் உண்டு. 2019-ஆம் ஆண்டு மே மாதத்துப் புதுப்பித்தலை வெளியிடுமுன், மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஒரு தடை அமைத்தனர். யூ.எஸ்.பி. வாயிலாக வெளித்தட்டேனும் நினைவட்டையேனும் பொருத்தப்பட்டிருக்கும் கணினி சில நிலைகளில் அப்புதுப்பித்தலை ஏற்காது. அவற்றைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலுமாறு அறிவித்தனர். காரணம் இது: விண்டோஸ் ஒவ்வொரு தட்டிற்கும் ஆங்கில எழுத்தொன்றைப் பெயராக இடும். புதுப்பித்தலின் நடுவே இப்பெயர்கள் பிறழ்ந்துவிடுதல் கண்டறியப்பட்டது. நேற்று ஓரெழுத்தால் வழங்கிய தட்டு இன்று வேறெழுத்தைப் பெறுமாயின், முன்னைப் பெயரை நம்பியிருந்த நிரல்கள் தம் கோப்பைக் காணாது மயங்கும். மாக் கணினியுடையார் இதனைக் கேட்டு மகிழ்தற்கில்லை. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் மாவெரிக்ஸ் இயங்குதளம் வெளிவந்த சின்னாட்களில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தார், தம் வெளித்தட்டுக்களில் உள்ள பொருள்கள் அழிந்ததாக முறையீடுகள் வருகின்றன என்று கூறி, அத்தட்டுக்களுக்கெனத் தாம் முன்னர் வழங்கிய மென்பொருள்களை நீக்கிவிடுமாறு தம் வாடிக்கையாளரை வேண்டிக்கொண்டனர்.

இனி எம் வரலாறு. யாம் ஆனர்ஸ் இரண்டாம் ஆண்டு பயின்ற கோடை விடுமுறையில், எம் வகுப்பினர் பதினொருவரும் தத்தம் ஊர்களில் முதியோர் பாடும் பாடல்களைத் திரட்டுவதென்று துணிந்தோம். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டுமாக அறுபத்து மூன்று பாடல்கள் கிடைத்தன. சிலவற்றை ஒலியாகவும் சிலவற்றை ஒளிப்படமாகவும் பதிந்து, துறைக்குரிய மடிக்கணினியில் சேர்த்தோம். அக்கணினியின் அகத்தட்டு மிகச் சிறிது. ஆடி மாதத்தில் பெரும்புதுப்பித்தல் ஒன்று வந்து, இடம் போதாது என்று மறுத்து நின்றது. இடம் உண்டாக்கும் பொருட்டு, அப்பதிவுகள் அனைத்தையும் துறையின் வெளி ஹார்ட் டிஸ்கிற்கு யாம் மாற்றினோம். மாற்றினோம் என்ற சொல்லை நோக்குக, படி எடுத்தோமல்லோம். ஒரு கோப்பை மாற்றுதலாவது, புதிய இடத்தில் அதனை எழுதி, பழைய இடத்தில் அழித்தல். ஆகவே, வெளித்தட்டிற் சென்றமையால் பதிவுகளுக்குக் காவல் மிகுந்தது என்று யாம் எண்ணினோமேயன்றி, முன்பு ஒன்றாயிருந்த படி பின்பும் ஒன்றாகவே இருந்தது என்பதை எண்ணினோமல்லோம்.

அன்று மாலை புதுப்பித்தல் இனிது முடிந்தது. அடுத்து, தோழர் ஒருவருக்கு அதே தட்டில் வேறு சில கோப்புக்களை எழுதிக்கொண்டிருக்கும்பொழுது, நூலகம் மூடும் மணி அடித்துவிட்டது. தட்டின் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்ததைக் கண்டும் யாம் கம்பியைப் பிடுங்கினோம். மறுநாள் அத்தட்டைப் பொருத்தியவுடன், இதனைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்தல் வேண்டும் என்றொரு கட்டளை திரையிலே தோன்றியது. எம்முள் ஒருவர் ஆம் என்பதனை அழுத்தக் கை நீட்டினார். நற்காலமாகக் கணினித்துறை ஆசிரியர் ஒருவர் அவ்வழியே வந்தார். தட்டைக் கழற்றுங்கள், ஒன்றும் எழுதாதீர்கள் என்றார்.

அவர் எமக்கு விளக்கியதை ஈண்டுத் தருகின்றோம். தட்டில் கோப்புக்கள் ஒருபுறமும், எக்கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று காட்டும் அட்டவணை ஒருபுறமும் இருக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கம்பியைப் பிடுங்கின் அவ்வட்டவணை அரைகுறையாய் நின்று சிதையும். நூலகத்தின் நூற்பட்டியல் எரிந்துபோயின், நூல்கள் அடுக்குகளில் இருந்தும் எடுப்பாரின்றி நிற்குமன்றோ, அதுபோலும் இது. அந்நிலையில் ஃபார்மட் செய்தல், எரிந்த பட்டியலுக்கு மாறாக வெற்றுப் பட்டியலொன்றை மாட்டி, அடுக்குகள் யாவும் காலியென்று கூறிப் புதுநூல்களை அடுக்கத் தொடங்குதலை ஒக்கும். பழையன ஒவ்வொன்றாய் மறையும். 2018-ஆம் ஆண்டின் பெரும்புதுப்பித்தல் தொட்டு, விண்டோஸ் வெளித்தட்டுக்களை விரைந்து கழற்றத்தக்க நிலையிலேயே வைக்கின்றது என்பது மெய். ஆயினும் அச்சலுகை, எழுதுதல் முடிந்த தட்டிற்கேயன்றி எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தட்டிற்கன்று.

மடிக்கணினியின் அகத்தட்டிலிருந்தே பழைய பதிவுகளை மீட்கலாகாதோ என்று கேட்டோம். அவ்வகத்தட்டு எஸ்.எஸ்.டி. வகையினது. அவ்வகைத் தட்டில் கோப்பொன்றை அழித்தால், அவ்விடம் விரைவிலே துடைக்கப்பெற்றுவிடும். அதன்மேலும், புதுப்பித்தல் அங்கே தன் கோப்புக்களை எழுதிவிட்டது. எனவே வெளித்தட்டே கதி. ஆசிரியர் மீட்புநிரல் ஒன்றைக் கொண்டு இரண்டு இரவுகள் முயன்று, மற்றொரு தட்டில் ஐம்பத்தைந்து பதிவுகளை எடுத்துத் தந்தார். கோப்புக்களின் பெயர்கள் போயின. ஆகவே ஒவ்வொன்றையும் கேட்டு, இஃது இன்னார் குரல் என்று தெளிந்து பெயரிட்டோம். போன எட்டனுள் ஆறனை அடுத்த விடுமுறையில் மீண்டும் பாடச் செய்து பதிந்தோம். எஞ்சிய இரண்டும் ஒப்பாரிகள். அவற்றைப் பாடிய முதியவள் புரட்டாசியில் இறந்துவிட்டாள். அவற்றுள் ஒன்றன் சொற்கள் மட்டும் தோழர் ஒருவர் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதப்பட்டுக் கிடந்தன; அவற்றின் இசையை அறிந்தார் எம்முள் எவருமில்லை.

அதன்பின் யாம் கைக்கொண்ட நெறியைக் கூறுவோம். புதுப்பித்தற்கு முன்னர்ப் படி எடுக்கின்றோம். மாற்றுதல் என்ற கட்டளையைத் தொடுவதில்லை. எடுத்த படியில் மூன்று நான்கு கோப்புக்களைத் திறந்து பார்க்கின்றோம். திறந்து பாராத படி இல்லாத படியே. பின்பு வெளித்தட்டை முறைப்படி விடுவித்துக் கழற்றி, நிலைப்பேழையிற் பூட்டுகின்றோம். அதன்பின்னரே புதுப்பித்தல் தொடங்கும். இடம் போதாவிடத்து விண்டோஸ் தானே வெளித்தட்டொன்றைப் பொருத்துமாறு கேட்பதும் உண்டு. அதற்கு வெறுமையான பென்டிரைவ் ஒன்றைத் தருதல் நன்று. படிகள் உள்ள தட்டை அதன் கையிற் கொடுத்தல் தகாது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஐப்பசி மழைக்காலத்தில், மடிக்கணினியின் மின்கலம் நிறைந்திருக்கும்பொழுதன்றிப் பெரும்புதுப்பித்தலைத் தொடங்குதல் அறியாமை. திரை கருத்து நெடுநேரம் அசைவற்றிருப்பினும் பொறுத்தல் வேண்டும். இறந்துபட்டது என்றெண்ணி விசையை அழுத்தி அணைத்தவர்களே பெரும்பாலும் அதனை இறக்கச் செய்கின்றனர்.

மாணாக்கர் பலரும் அறியாத ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். அண்மைக்காலத்து விண்டோஸ் கணினிகள் பல தம் அகத்தட்டைப் பிட்லாக்கர் முறையால் தாமே பூட்டிவைத்துக்கொள்கின்றன. நாள்தோறும் அப்பூட்டு நமக்குத் தோன்றாது. ஆயின் 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வந்த திருத்தமொன்றன் பின், சில கணினிகள் திறக்கும்பொழுதே நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்டு நின்றன. அவ்வெண், கணினியை முதன்முதல் அமைத்தவருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் பெரும்பாலும் இருக்கும். துறைக் கணினியை அமைத்தவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்ட மூத்த மாணாக்கராயின் யாது செய்வது? யாம் அவ்வெண்ணைத் தேடிக் கண்டு தாளில் எழுதித் துறைத்தலைவரிடம் ஒப்படைத்துள்ளோம். கணினிக்குள்ளேயே அதனை ஒரு கோப்பாக எழுதி வைத்திருந்தார் ஒருவரையும் அறிவோம். பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாரை யாதென்பது!

புதுப்பித்தல் முடிந்தவுடன் இடம் மிச்சப்படுத்துவதற்காகத் துப்புரவு செய்யப் புகுதலும் வேண்டா. பெரும்புதுப்பித்தலின் பின் விண்டோஸ் தன் பழைய வடிவத்தை விண்டோஸ்.ஓல்ட் என்னும் கோப்புறையில் வைத்திருக்கும். புதியது ஒவ்வாதாயின் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அக்கோப்புறையை அழித்தார்க்குத் திரும்பும் வழி அடைபடும். சிறு திருத்தங்களை வந்த சில நாட்களுள் ஏற்றுக்கொள்ளுதலும், பெரும்புதுப்பித்தலைச் சில வாரங்கள் தாழ்த்துதலும் எமக்குச் சரியெனத் தோன்றுகின்றன. முந்திக்கொண்டார்க்கு நேரும் பிழைகள் அதற்குள் வெளிப்பட்டுவிடும். தேர்வு வாரத்தில் எதனையும் தொடங்கற்க.

படிகள் எத்துணை வேண்டும் எனின், மூன்று என்பர் இத்துறை வல்லார்: மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில். இவ்விதியைப் புதிதென்று வியந்த எமக்கு எம் பாடநூலே விடை தந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வீடுகளில் இருந்த ஏட்டுப்படிகளை வருவித்து ஒப்புநோக்கினார்கள். ஓரிடத்துப் படியைச் செல் அரித்தபொழுது மற்றோரிடத்துப் படி பிழைத்திருந்தது. ஏடு பெயர்த்தெழுதியோர், புதிய ஏடு முற்றுப்பெற்று மூலத்தோடு ஒத்துப்பார்க்கப்படுமுன் பழைய ஏட்டை ஆற்றில் விடுவாரல்லர். யாம் அன்று ஆடி மாதத்தில் செய்தது அதனினும் கீழானது: பழையதையும் விட்டோம், புதியதையும் நனைத்தோம்.

துறையில் இன்னும் ஒரு பழங்கணினி உண்டு. அது விண்டோஸ் 10 உடையது. அவ்வியங்குதளத்திற்குரிய ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றது. பதிவு செய்துகொண்ட தனியார்க்கு மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என்று நிறுவனத்தார் அறிவித்தனர். விண்டோஸ் 11 வேண்டும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இப்பழங்கணினியில் இல்லை. எறிந்துவிடலாம் என்றனர் சிலர். லினக்ஸ் ஏற்றலாம் என்றனர் சிலர். இருவர் கூற்றையும் ஏலாது, இப்போதைக்கு அதன் இணையத்தைத் துண்டித்து, பாடல்களைக் கேட்டுச் சொற்களை எழுத்தில் வடிக்கும் பணிக்கு மட்டும் வைத்துள்ளோம். படியொன்று துறையின் நிலைப்பேழையிலும், ஒன்று நூலகத்தார் பொறுப்பிலும், ஒன்று கல்லூரியின் இணையச் சேமிப்பிலும் உள்ளன. இவ்விதழ் அச்சேறும் பொழுதுவரை முப்பத்தொரு பாடல்களை எழுதி முடித்துள்ளோம். பென்சிற் குறிப்பில் எஞ்சிய அவ்வொப்பாரி, முப்பத்திரண்டாவதாக, இசைக்குறிப்பின்றி வரும்.